ஸ்கேன் சரியாக இருக்கிறது என்கிறார்கள்; தம்பி ஏன் தள்ளாடுகிறான்? (தலைக்காயமும் சிறுமூளையும்: விவாத இழை)

தெப்பக்குளத்துத் தமக்கை | பிப்ரவரி 11, இரவு 10.40

வணக்கம். என் தம்பிக்கு 31 வயது. பரோட்டா மாஸ்டர். பதினாறு வயதில் மாவு பிசையச் சேர்ந்தவன், கல்லுக்கு முன்னால் நிற்கத் தொடங்கிப் பத்து வருடம் ஆகிறது. அவன் கொத்துப் பரோட்டா போடும்போது இரண்டு தகடுகளும் கல்லில் விழும் சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டு, இது அவன் கைதான் என்று சொல்லிவிடுவேன். வேறு யாருக்கும் அந்தத் தாளம் வராது.

போன அக்டோபரில் இரவு கடை மூடிவிட்டு ரிங் ரோடு வழியாக வண்டியில் வந்திருக்கிறான். விளக்கில்லாமல் நின்ற டிராக்டர் டிரெய்லரைக் கடைசி நொடியில் பார்த்து ஒடித்ததில் வண்டி சுழன்று விழுந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான், வாரை மாட்டவில்லை. அது முதலிலேயே கழன்று ஓடிவிட்டது. ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. முதல் இரண்டு நாள் செலவை அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு என் நகை.

இப்போது நான்கு மாதம் முடிகிறது. கை கால்களில் பலம் இருக்கிறது, அரிசி மூட்டையைத் தள்ளுகிறான். ஆனால் டம்ளரை எடுக்கப் போனால் கை அதைத் தாண்டிப் போய்த் தட்டிவிடுகிறது. சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்காத கை, டம்ளரை நெருங்க நெருங்க நடுங்குகிறது. கால்களை அகட்டி அகட்டி நடக்கிறான். ‘அக்கா தண்ணீர் கொடு’ என்பதை ‘அக். கா. தண். ணீர். கொ. டு’ என்று, ஒவ்வொரு துண்டுக்கும் மூச்சு வாங்கிச் சொல்கிறான்.

போன வாரம் மாட்டுத்தாவணியிலிருந்து வரும்போது நடத்துநர் அவனைக் குடிகாரன் என்று நினைத்து வழியில் இறக்கிவிட்டார். அவன் விளக்கம் சொல்லத் தொடங்கியதும் அந்தப் பேச்சே சாட்சியாகிவிட்டது. என் தம்பி வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் மறுநாள் மதியம்வரை எழவில்லை.

முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை, மனத்தில்தான் பயம் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு மருத்துவர் போகிற போக்கில் ‘சிறுமூளை’ என்றார். அடிபட்டது நெற்றியில். பின்மண்டையில் ஒரு கீறல்கூட இல்லை. முன்னால் அடிபட்டால் பின்னால் இருக்கும் சிறுமூளை எப்படிக் கெடும்? கெட்டிருந்தால் ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? அந்தக் கை திரும்பி வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரிப்பாளையம் வாசி | பிப்ரவரி 11, இரவு 11.25

அம்மா, மனம் நோகாமல் கேளுங்கள். ஸ்கேனில் இல்லை, கை காலில் பலம் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். என் மைத்துனரும் விபத்துக்குப் பிறகு இப்படித்தான் ஆறு மாதம் கட்டிலோடு கிடந்தார். வீட்டில் எல்லோரும் கையில் வைத்துத் தாங்கினார்கள். கடைக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்த பிறகுதான் சரியானார். உங்கள் தம்பியையும் கல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். பழகிய கை தானாக வரும்.

மூளைப்பாதை | பிப்ரவரி 12, காலை 6.15

அக்கா, நான் திருமங்கலத்துக்காரன், நரம்பு அறிவியலில் ஆராய்ச்சி மாணவன். மருத்துவன் இல்லை. முதலில் ஒன்று: தயவுசெய்து அவரைச் சூடான கல்லுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். கை தாண்டிப் போகும் ஒருவருக்குக் கொதிக்கும் எண்ணெயும் இரும்பும் எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பலம் இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. பலம் பெருமூளையிலிருந்து இறங்கும் கட்டளை. எவ்வளவு தூரம், எந்த நொடியில், எங்கே நிறுத்துவது என்ற கணக்கு சிறுமூளையுடையது. கணக்கு கெட்டால் பலம் இருந்தும் டம்ளர் கவிழும். நீங்கள் எழுதிய அடையாளங்கள் அத்தனையும் 1917-இல் கோர்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர், முதல் உலகப் போரில் சிறுமூளையில் குண்டுக்காயம் பட்ட வீரர்களைப் பார்த்து எழுதியவற்றோடு பொருந்துகின்றன. இலக்கைத் தாண்டுவது, இலக்கை நெருங்கும்போது நடுங்குவது, கையை மாற்றி மாற்றித் திருப்ப முடியாமல் போவது, பேச்சு துண்டு துண்டாவது எல்லாம் அதில் இருக்கின்றன. இது பயத்தால் வரும் படம் இல்லை.

முன்னால் அடிபட்டால் பின்னால் எப்படி என்று கேட்டீர்கள். மண்டைக்குள் மூளை மெத்தென்று இருக்கும் பொருள். வண்டி சுழன்று தலை தரையில் மோதும்போது மண்டை நின்றுவிடுகிறது, மூளை நிற்காமல் உள்ளே முறுகுகிறது. பெருமூளை பெரியது, கீழே மெல்லிய தண்டு ஒன்றின் மேல்தான் அது உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தண்டின் மேல்பகுதியான நடுமூளையில் முறுக்கு வந்து சேர்கிறது. பக்கத்திலேயே பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவில் கூடாரத் துணிபோல விரித்த கெட்டிச் சவ்வு இருக்கிறது. அதன் ஓரம் நடுமூளையின் பின்பக்கத்தில் இடிக்கவும் செய்யும். சிறுமூளையிலிருந்து வெளியே போகும் முக்கியப் பாதையான மேல் சிறுமூளைத் தண்டு சரியாக அந்த இடத்தில்தான் ஓடுகிறது. சிறுமூளையில் அடியே விழாமல் இருக்கலாம், அதன் வெளிவாசல் சாலை அறுபட்டிருக்கும்.

அறுபடுவதும் அந்த நொடியிலேயே நடந்து முடிவதில்லை. நரம்பிழைகள் பெரும்பாலும் முதலில் இழுபட மட்டுமே செய்கின்றன. இழுபட்ட சவ்வில் கசிவு உண்டாகிக் கால்சியம் உள்ளே புகுகிறது. இழைக்குள் சரக்கு ஏற்றிச் செல்லும் நுண்குழல்கள் உடைகின்றன. சரக்கு வழியில் தேங்கி இழை அந்த இடத்தில் வீங்கி, சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் துண்டாகிறது. இதைப் பரவிய நரம்பிழைக் காயம் என்கிறார்கள். சி.டி. படம் எலும்பு முறிவையும் பெரிய இரத்தக்கட்டையும் காட்டும். முடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய இழை அறுந்ததைக் காட்டாது. ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார் என்பதே இந்த வகைக் காயத்துக்குப் பலமான அறிகுறி. பழைய இரத்தக் கசிவின் இரும்பைக் கரும்புள்ளிகளாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறை ஒன்று இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

பசுமலை ஆசிரியர் | பிப்ரவரி 12, காலை 9.50

முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன். தம்பி மூளைப்பாதை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிறுமூளையின் நடுநாயகம் பர்கின்ஜி செல். 1837-இல் செக் நாட்டு பர்கின்ஜி கண்டது. விசிறிபோல ஒரே தளத்தில் விரிந்த கிளைகள் அதற்கு. மாணவர்களுக்குப் படம் வரைய வைக்கும்போது எல்லோருக்கும் பிடித்த செல் இதுதான். சிறுமூளைப் புறணியிலிருந்து வெளியே போகும் ஒரே செய்தி இந்தச் செல்லுடையது. வியப்பு என்னவென்றால் அந்தச் செய்தி ‘செய்’ என்பதே இல்லை. எப்போதும் ‘அடங்கு’ என்பதுதான்.

அடக்குவதால் எப்படிக் கை நேராகப் போகும் என்று மாணவர்கள் கேட்பார்கள். சித்திரைத் தேரோட்டத்தைக் காட்டுவேன். வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் மாசி வீதியின் மூலையில் தேரைத் திருப்புவது அவர்கள் இல்லை. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுக்கிறவர்கள் திருப்புகிறார்கள். அவர்கள் தேரை ஒரு முழம்கூட இழுப்பதில்லை. எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில், எவ்வளவு நேரம் கட்டை கொடுப்பது என்பதில்தான் தேரின் திசை இருக்கிறது. கட்டை ஒரு நொடி பிந்தினால் தேர் வீதியைத் தாண்டிச் சுவருக்குப் போகும். உங்கள் தம்பியின் கை டம்ளரைத் தாண்டிப் போவது அதுதான், அம்மா.

மூளைப்பாதைத் தம்பியிடம் ஒரு சந்தேகம். வெளிச்சாலை அறுந்தது சரி. பர்கின்ஜி செல்கள் தப்பித்திருக்குமா? தப்பவில்லை என்றால் புதிதாக முளைக்குமா?

மூளைப்பாதை | பிப்ரவரி 12, மதியம் 1.30

ஐயா, முட்டுக்கட்டை உவமையை இனி நானும் சொல்லப் போகிறேன். அதையே வைத்துப் பதில் சொல்கிறேன்.

கட்டை கொடுப்பவரான பர்கின்ஜி செல் இரண்டு பேர் சொல்வதைக் கேட்கிறது. ஒன்று இணை இழைகள். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது, பெருமூளை அடுத்து என்ன செய்யப் போகிறது என்ற செய்திகள் தண்டுவடம், மூளைத்தண்டில் இருக்கும் பான்ஸ் ஆகியவற்றின் வழியாக வந்து, மிகச் சிறிய குறுணைச் செல்களில் பிரிந்து, இணை இழைகளாக ஒரே பர்கின்ஜி செல்லின் மேல் ஒரு லட்சத்துக்கு மேல் வந்து தொடுகின்றன. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன என்று 2009-இல் எண்ணிப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தக் குறுணைச் செல்கள். மூளையின் கனஅளவில் பத்தில் ஒரு பங்குக்குள் இவ்வளவு கூட்டம்.

இரண்டாவது ஏறு இழை. ஒரு பர்கின்ஜி செல்லுக்கு ஒன்றே ஒன்று. மூளைத்தண்டின் அடியில் கீழ் ஆலிவ் என்ற நரம்புச் செல் திரளிலிருந்து கொடிபோலச் சுற்றி ஏறுகிறது. கை தவறிய நொடியில் ‘தவறு’ என்று உரக்கச் சொல்கிற இழை இது என்பதுதான் பலரும் ஏற்கும் கருத்து. டேவிட் மார் என்ற ஆய்வாளர் 1969-இலும் ஜேம்ஸ் ஆல்பஸ் என்பவர் 1971-இலும் கணித வழியில் முன்வைத்ததற்கு, ஜப்பானின் இட்டோ என்ற ஆய்வாளர் 1982-இல் செல் அளவில் சான்று காட்டினார். ஏறு இழை ‘தவறு’ என்னும் நேரத்தில் பேசிக்கொண்டிருந்த இணை இழைகளின் இணைப்பு வலுக்குறைகிறது. அடுத்த முறை கட்டை சரியான நொடியில் விழுகிறது. பதினாறு வயதில் உங்கள் தம்பி கிழித்த பரோட்டா ஒவ்வொன்றும் இந்த இணைப்புகளைத் திருத்தியிருக்கும், அக்கா.

ஆசிரியர் ஐயா கேட்டதற்கு வருகிறேன். எலிகளின் பெருமூளை மேல் மட்டும் அழுத்தம் கொடுத்துக் காயப்படுத்தியபோது, தொலைவில் இருக்கும் சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் இறந்ததையும், அந்த இடங்களில் மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோகிளியா திரண்டதையும் 1996-இலேயே பதிவு செய்தார்கள். காரணங்கள் பல சேர்ந்து வருகின்றன. ஓய்வே இல்லாமல் நொடிக்குப் பல பத்து முறை துடிக்கும் செல் அது. ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலும் முதலில் பசியால் வாடும் செல்களில் ஒன்று. காயத்தின்போது அதே ஏறு இழைகள் குளூட்டமேட் என்ற கிளர்ச்சியூட்டும் வேதிப்பொருளைக் கொட்டித் தீர்த்தால் கால்சியம் பெருகிச் செல் சாகும். தவறு சொல்லித் திருத்திய இழையே அந்த நேரத்தில் செல்லை எரிக்கிறது. எல்லாம் சாவதில்லை. சிறுமூளையில் சில பட்டைகளின் செல்கள் மற்றவற்றைவிட எளிதில் மாளும்.

இறந்த பர்கின்ஜி செல் மறுபடி முளைக்காது. இதில் ஆசை காட்ட எனக்கு மனமில்லை. மீதமிருக்கும் செல்களும் அறுபடாத இழைகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதுதான் தேறுதல்.

சிறுமூளை பாதிக்கப்பட இன்னொரு வழியும் உண்டு. பெருமூளை காயப்பட்டுச் சிறுமூளைக்கு வரும் செய்தி குறைந்தால், எதிர்ப்பக்கச் சிறுமூளை காயமே இல்லாமல் மந்தமாகிவிடும். பக்கவாத நோயாளிகளிடம் 1980-களின் தொடக்கத்தில் இதை முதலில் கண்டார்கள். தலைக்காயத்திலும் வரும். இது செல் சாவு இல்லை என்பதால் ஓரளவு திரும்பக்கூடியது.

மேலூர் அம்மா | பிப்ரவரி 12, இரவு 9.05

இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டு எழுதுகிறேன். என் மகன் சிவகங்கைப் பக்கம் மஞ்சுவிரட்டு பார்க்கப் போன இடத்தில் கூட்டம் தள்ளி, வண்டியின் மேலிருந்து தலைகீழாக விழுந்தான். மூன்று வாரத்தில் நன்றாக நடந்தான். நாங்கள் கிடா வெட்டிப் படையலும் போட்டுவிட்டோம். நான்காம் மாதம் வலது கை ஆடத் தொடங்கியது. சும்மா இருந்தாலும் ஆடுகிறது, சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டு போகும்போது இன்னும் பெரிதாக ஆடுகிறது. நன்றாக ஆனவனுக்கு நான்கு மாதம் கழித்து எப்படி வரும், நடிக்கிறான் என்று அவன் அப்பா அடித்தே விட்டார். சொந்தக்காரர்கள் செய்வினை என்றார்கள். நடிப்பா, நோயா, எனக்குச் சொல்லுங்கள்.

மூளைப்பாதை | பிப்ரவரி 12, இரவு 9.40

அம்மா, நடிப்பு இல்லை. செய்வினையும் இல்லை. நடுமூளையிலும் மேல் சிறுமூளைத் தண்டிலும் காயம் பட்டவர்களுக்கு வாரங்கள், மாதங்கள் கழித்துத் தொடங்கும் நடுக்கம் ஒன்று உண்டு. நொடிக்கு நான்கு முறை அளவில், மெதுவாக, பெரிய வீச்சில் ஆடும். மேலே சொன்ன ஹோம்ஸின் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். அறுந்த இழையின் மறுமுனையில் இருக்கும் செல்கள் செய்தி வராமல் மெல்ல மெல்லத் தம் நடையை மாற்றிக்கொண்டு, தாங்களாகவே ஒரு தாளத்தில் துடிக்கத் தொடங்குவதால் இந்தத் தாமதம் என்று கருதுகிறார்கள். உங்கள் மகனுக்கு இருப்பது அதுதானா என்று நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மருந்து முயலலாம், சிலருக்குப் பயன் தருகிறது. அவன் அப்பாவுக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

ஒத்தக்கடை இயன்முறையாளர் | பிப்ரவரி 13, காலை 7.20

தங்கை, நான் 18 வருடமாக நரம்பு நோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சை கொடுக்கிறேன். பயிற்சி சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. தம்பி என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? வலிப்பு வராமல் இருக்க ஃபெனிட்டாயின் கொடுத்திருக்கிறார்களா? கண்கள் பக்கவாட்டில் பார்க்கும்போது துடிக்கின்றனவா? விபத்து முடிந்து வந்தபோது இருந்ததைவிட இப்போது தள்ளாட்டம் கூடியிருக்கிறதா?

தெப்பக்குளத்துத் தமக்கை | பிப்ரவரி 13, காலை 8.10

மூன்றுக்கும் ஆம், ஐயா. டிசம்பரில் ஒருநாள் உடம்பு வெட்டி இழுத்தது போல இருந்தது என்று மாத்திரையைக் கூட்டினார்கள். பொங்கலுக்குப் பிறகுதான் நடை இவ்வளவு மோசமானது. நானாக நிறுத்திவிடட்டுமா?

ஒத்தக்கடை இயன்முறையாளர் | பிப்ரவரி 13, காலை 8.25

கூடவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகும். இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். இருபதைத் தாண்டினால் கண் துடிக்கும். முப்பதை நெருங்கினால் நல்ல மனிதரே தள்ளாடுவார். காரணம், அந்த மருந்து கூடிப்போனால் முதலில் தாக்குவது சிறுமூளையைத்தான். அடிபட்ட சிறுமூளை அதைக் குறைந்த அளவிலேயே காட்டிக்கொடுக்கும். இந்த மருந்தில் இன்னொரு சூட்சுமம், மாத்திரையைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் அளவு எதிர்பாராத அளவுக்கு ஏறிவிடலாம். கூட்டிய மருத்துவரைக் குறை சொல்லவில்லை. கூட்டிய பிறகு அளந்து பார்க்க வேண்டும்.

அந்த நடத்துநர் விஷயம் என்னை உறுத்துகிறது. குடித்தவன் தள்ளாடுவது எதனால் என்று நம் மக்களுக்கு யாரும் சொன்னதில்லை. மது சிறுமூளைச் சுற்றை மயக்குவதால்தான் நடை அகலுகிறது, நாக்குக் குழறுகிறது. ஒரே உறுப்பு கெட்டால் ஒரே நடைதான் வரும். ஆகவே குடிகாரனைப் போலத் தெரிவது உங்கள் தம்பி செய்த தவறு இல்லை. காயம் இருக்கும் இடத்தின் முகவரி அது. மருத்துவரிடம் ஒரு சான்றுக் கடிதம் தமிழில் வாங்கிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். என்னிடம் வரும் நோயாளிகள் எல்லோரிடமும் அப்படி ஒரு தாள் இருக்கிறது.

தெப்பக்குளத்துத் தமக்கை | மார்ச் 2, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி சொல்லி முடியாது. இரத்தத்தில் அளவு 29 இருந்தது. பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் காட்டினோம். அந்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார்கள். பத்தே நாளில் கண் துடிப்பு நின்றது. நடையில் பாதித் தள்ளாட்டம் போய்விட்டது. இரண்டு மாதமாக நாங்கள் காயம் என்று நினைத்து அழுததில் பாதி மாத்திரை.

மீதிப் பாதி காயம்தான். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மிளகைப் பொடித்துத் தூவியது போலப் பெருமூளையின் இரு பாதிகளையும் சேர்க்கும் பாலத்தில் சில புள்ளிகள். நடுமூளையின் பின்பக்கம் இடது ஓரத்தில் ஒரு புள்ளி, எள்ளைவிடச் சற்றுப் பெரியது. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவு போதும் என்றார். தம்பி அந்தப் புள்ளியை விரலால் தொடப் பார்த்தான். விரல் நடுங்கிக்கொண்டே போய்ப் படத்தின் ஓரத்தைத் தொட்டது. பிறகு என்னைப் பார்த்து, ‘பொய். இல். லை’ என்றான். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று சொன்ன நாள் முதல் அவன் மனத்தில் என்ன ஓடியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு கேள்வி. புள்ளி இடப்பக்கம். ஆடுவதும் இடது கைதான் அதிகம். பக்கவாதத்தில் எதிர்ப்பக்கம் அல்லவா விழும்?

பசுமலை ஆசிரியர் | மார்ச் 2, இரவு 10.15

அம்மா, சிறுமூளையின் பாதை இரண்டு முறை குறுக்கே கடக்கிறது. இடச் சிறுமூளையிலிருந்து கிளம்பும் இழை நடுமூளையில் வலப்பக்கம் கடந்து, செய்திகளை மாற்றி அனுப்பும் நிலையமான தலாமஸ் வழியாக வலப் பெருமூளைக்குப் போகிறது. வலப் பெருமூளையின் கட்டளை கீழே இறங்கும்போது மறுபடி இடப்பக்கம் கடந்து இடக்கைக்கு வருகிறது. வைகையை ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் கடந்து போனவன் யானைக்கல் பாலத்தில் திரும்பி வந்தால் கிளம்பிய கரையில்தானே நிற்பான். உங்கள் தம்பியின் காயம் கடப்பதற்கு முன்னால் இருக்கிறது, அதனால் அதே பக்கம்.

கோரிப்பாளையம் வாசி | மார்ச் 3, காலை 7.00

தமக்கை அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள் என்று எழுதிய கை எனக்கே கூசுகிறது. ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. என் மைத்துனர் வேலைக்குப் போய்த்தான் தேறினார், அதை நான் கண்ணால் பார்த்தேன். சும்மா படுக்க வைத்தால் மட்டும் தேறுமா?

ஒத்தக்கடை இயன்முறையாளர் | மார்ச் 3, பிற்பகல் 2.40

நீங்கள் சொன்னதில் பாதி சரி ஐயா. படுக்கையில் தேறாது. ஆனால் இங்கே கெட்டிருப்பது பழகும் உறுப்பே. சாதாரணக் காயத்தில் கை கெட்டாலும் பழக்கும் ஆசிரியர் நன்றாக இருப்பார். இங்கே ஆசிரியருக்கே காயம். அதனால் பத்து முறையில் வருவது ஐந்நூறு முறையில் வரும். வேகமாகவும் சேர்த்தும் செய்யச் சொன்னால் வரவே வராது. உடைத்து, மெதுவாக, எண்ணி எண்ணிச் செய்தால் வரும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் ஃபிரெங்கல் என்ற மருத்துவர் நரம்புணர்வு கெட்டவர்களுக்கு வகுத்த பயிற்சியின் அடிப்படை இதுதான். சிறுமூளை தேய்ந்துகொண்டே போகும் நோயாளிகளுக்குக்கூட நான்கு வாரத் தீவிரப் பயிற்சி நடையைச் சீராக்கியது என்று 2009-இல் ஜெர்மனியில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் தம்பியின் காயம் தேயும் நோய் இல்லை தங்கை. அது நமக்குச் சாதகம்.

நடைக்கு வாசலில் கோலப்புள்ளி வையுங்கள். நேர்ப்புள்ளி, ஒரு முழ இடைவெளி. சுவரைத் தொட்டபடி குதிகாலை ஒவ்வொரு புள்ளியிலும் வைத்து, ஒன்று இரண்டு என்று உரக்க எண்ணி நடக்கட்டும். புள்ளி தவறினால் திரும்ப வைத்துவிட்டுத்தான் அடுத்தது. யாராவது பின்னால் நிற்க வேண்டும். கைக்கு, முழங்கையை மேசையில் ஊன்றச் சொல்லுங்கள். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒரே நேரத்தில் அசையும்போதுதான் கணக்கு சிதறுகிறது. ஒரு மூட்டைப் பூட்டினால் மீதிக்குக் கணக்கு எளிது. கனமான பித்தளை டம்ளரில் பாதி நீர். கனம் இருக்கும்போது நடுக்கம் சற்றுக் குறையும். ஆனால் அது சாப்பிடும் நேரத்துக்கு உதவி, பயிற்சி ஆகாது. சிலர் மணிக்கட்டில் எடை கட்டி நாள் முழுவதும் விடுகிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை, கழற்றியதும் நடுக்கம் பழையபடி வருகிறது.

முக்கியமான ஒன்று, வீட்டில் எல்லோருக்கும். அவர் தவறும்போது ‘இடப்பக்கம் போகிறது, கொஞ்சம் வலப்பக்கம்’ என்று திருத்தாதீர்கள். தவறின் அளவைப் பார்த்துத் திருத்துவதுதான் ஏறு இழையும் பர்கின்ஜி செல்லும் செய்யும் வேலை, அந்தப் பாதைதான் கெட்டிருக்கிறது. சரியாக வந்த நொடியில் ‘சரி’ என்று மட்டும் சொல்லுங்கள். வெற்றியை வைத்துக் கற்கும் பாதை மூளையின் வேறு பகுதிகளில் ஓடுகிறது. சிறுமூளை கெட்டவர்களும் அந்த வழியில் கற்கிறார்கள் என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு.

மூளைப்பாதை | மார்ச் 3, மாலை 6.50

அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சின்னதாக ஒன்று. அவருக்குக் கோபம் சட்டென்று வருகிறதா, இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் குழம்புகிறாரா? சிறுமூளையின் சுற்றுகள் பெருமூளையின் முன்பகுதிக்கும் போகின்றன. திட்டமிடுதல், கவனம், உணர்ச்சியின் அளவு ஆகியவையும் சிறுமூளைக் காயத்தில் குலையும் என்று 1998-இல் விரிவாக விவரித்தார்கள். குணம் மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள்.

மேலூர் அம்மா | மார்ச் 9, காலை 10.20

மதுரைக்கு அழைத்து வந்து காட்டினோம். மூளைப்பாதைத் தம்பி சொன்ன அதே நடுக்கம்தான். மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அவன் அப்பா மருத்துவர் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். பஸ்ஸில் வரும்போது மகனுக்கு ஆரஞ்சுச் சுளை உரித்து, ஒவ்வொன்றாக வாயில் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒன்றும் பேசவில்லை.

தெப்பக்குளத்துத் தமக்கை | ஜூன் 21, இரவு 11.05

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன். கோலப்புள்ளியில் சுவரைத் தொடாமல் பன்னிரண்டு எட்டு வைக்கிறான். சட்டைப்பையில் கடிதம் இருக்கிறது. இரண்டு முறை காட்ட வேண்டி வந்தது, ஒரு நடத்துநர் எழுந்து தன் இருக்கையைக் கொடுத்தார். கோபம் வருகிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்பதை நாங்கள்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கடைக்காரர் நல்லவர். பழைய கல் ஒன்றையும் தேய்ந்த தகடுகள் இரண்டையும் கொடுத்து அனுப்பினார். கல்லைச் சூடாக்காமல் மாடியில் வைத்திருக்கிறோம். முழங்கைகளை இருபக்கமும் பலகையில் ஊன்றிக்கொண்டு, வெறும் கல்லில் வலது, இடது, வலது, இடது என்று தட்டுகிறான். மாவு இல்லை, முட்டை இல்லை, சால்னா இல்லை. ஏப்ரலில் நான்காவது தட்டலிலேயே இடது தகடு பிந்தும். இரண்டு தகடும் மோதிக்கொள்ளும். தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். இடது தகடு சரியாக விழும்போது மட்டும் நான் ‘சரி’ என்பேன். வேறொன்றும் பேசமாட்டேன். தினமும் கைபேசியில் பதிவு செய்கிறேன்.

இன்று பதிவை ஓடவிட்டு இரண்டு பேரும் கேட்டோம். நாற்பது தட்டல்வரை இடைவெளி சமமாக இருக்கிறது. நாற்பத்தொன்றில் இடது பிந்துகிறது, அடுத்த இரண்டில் தானே பிடித்துக்கொள்கிறது. மெதுவான தாளம்தான், பழைய வேகத்தில் பாதிகூட இல்லை. கீழ்வீட்டுப் பெரியம்மா மாடிப்படியில் நின்று, மாஸ்டர் கடை திறந்துவிட்டாரா என்று கேட்டார்.

ஐயா, ஒரு சந்தேகம். கல்லின் மேல் பழைய சோற்றைப் பரப்பிக் கொத்தச் சொல்லலாமா, இல்லை இன்னும் சில வாரம் வெறும் கல்லே போதுமா?

ஒத்தக்கடை இயன்முறையாளர் | ஜூன் 22, காலை 6.30

ஐம்பது தட்டல் மூன்று நாள் தொடர்ந்து வரட்டும் தங்கை. பிறகு ஒரு கைப்பிடிச் சோறு, கல்லின் நடுவில் மட்டும். பலகையை எடுக்காதீர்கள். நாற்பத்தொன்றில் பிந்தி, தானே பிடித்தான் என்றீர்களே, அந்தப் பதிவை எனக்கு அனுப்புங்கள்.